டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு தீம் பார்க்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவில் பள்ளி மூடும் நாள் நெருங்க நெருங்க, எங்கே போகலாம் என்ற கேள்விகள் குவிகின்றன. எந்தத் தேதியில் போகிறீர்கள் என்பதைத்தான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். இந்த மாதத்தில் இடத்தைவிடத் தேதிதான் பயணத்தை நல்லதாக்கும், கெடுக்கவும் செய்யும்.

டிசம்பர் 26 அன்று பதினொரு பேர் டர்பன் உஷாக்கா கடல் பூங்காவுக்குப் போகிறோம். மூன்று வயதுப் பேத்தியும் எழுபதைத் தாண்டிய ஆயாவும் வருகிறார்கள். சரியாக வருமா? (சாட்ஸ்வர்த்)

இடம் சரி, தேதிதான் சரியில்லை. 26ஆம் தேதி நல்லெண்ண நாள், பொது விடுமுறை. அன்றும் புத்தாண்டன்றும் டர்பன் கடற்கரை முழுக்க ஜனத்திரள்தான். உஷாக்கா இருக்கும் பாயிண்ட் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடியே பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். பள்ளி மூடியதும், 16ஆம் தேதி விடுமுறைக்கு முன்னால் வரும் ஒரு வார நாளில் போய்விடுங்கள். லீவு கிடைக்காவிட்டால் ஜனவரி முதல் வாரம் கழியட்டும். வெளியூர்க்காரர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள், பள்ளியும் திறந்திருக்காது. அந்தச் சில நாட்கள் தங்கமானவை.

அப்புறம், பதினொரு பேரும் ஒன்றாகவே சுற்றவேண்டும் என்று நினைக்காதீர்கள். கதவு திறக்கும்போதே வாலிபப் பிள்ளைகள் நீர்ச்சறுக்குப் பக்கம் போகட்டும். மூழ்கிய பழைய கப்பலைப் போலக் கட்டிய மீன் காட்சியகம் ஆயாவுக்கும் பேத்திக்கும் பொருத்தம். உள்ளே இருட்டும் குளிர்ச்சியுமாக இருக்கும், பேத்தி சுறாவைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். நடுப்பகல் வெயிலில் எல்லாரும் அங்கே வந்து சேரலாம். கடைகளும் உணவகங்களும் இருக்கும் பகுதிக்கு டிக்கெட் வேண்டாம். தண்ணீரில் இறங்காத பெரியவர்களுக்கு முழு டிக்கெட் எடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். சின்னப் பிள்ளையின் கையில் உங்கள் செல்போன் எண்ணைத் தண்ணீரில் அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். தொலைந்துபோன குழந்தையைத் தேடும் பத்து நிமிடம் எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

ஜோகன்னஸ்பர்க்கின் கோல்ட் ரீஃப் சிட்டி தீம் பார்க்கைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசை. ஆனால் டிசம்பரில் டர்பனிலிருந்து அங்கே போகும் என்3 சாலையை நினைத்தாலே பயமாக இருக்கிறது. (பீனிக்ஸ்)

அந்தப் பயம் கடலுக்கு இறங்கி வருகிறவர்களுக்கு. டிசம்பர் நடுவில் கட்டடத் தொழில் விடுமுறை தொடங்கியதும் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாநிலத்து மக்கள் கடலைப் பார்த்துக் கிளம்புகிறார்கள். புத்தாண்டு கழிந்ததும் திரும்புகிறார்கள். நீங்கள் அவர்கள் இறங்கும்போது ஏறுங்கள், ஏறும்போது இறங்குங்கள். நெரிசலின் பெரும்பகுதி எதிர்த்திசையில் இருக்கும். ஜோகன்னஸ்பர்க்கும் அந்த நாட்களில் பாதி காலியாகிவிடும்.

தூரம் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்புங்கள். மரியன்ஹில்லில் தொடங்கி டி ஹூக் வரை நெடுஞ்சாலையில் ஐந்து சுங்கச்சாவடிகள், அந்தப் பணத்தையும் கணக்கில் சேருங்கள். வான் ரீனன் கணவாயில் பனிமூட்டமும் லாரிகளும் இருக்கும். அங்கே அவசரம் வேண்டாம். அதைத் தாண்டி ஹாரிஸ்மித்தில் கட்டுச்சோற்றைப் பிரித்து, ஓட்டுநரைக் கொஞ்சம் கண்மூடவிடுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பும் யோசனை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். டிசம்பரில் இந்தச் சாலையில் உயிர்கள் போவதற்குத் தூக்கக்கலக்கமும் ஒரு பெரிய காரணம்.

கோல்ட் ரீஃப் சிட்டி, கிரௌன் மைன்ஸ் தங்கச் சுரங்கம் இருந்த நிலத்தில் அமைந்தது. அனகோண்டா, டவர் ஆஃப் டெரர் போன்ற பெரிய ரைடுகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் கோடை மதியம் என்றால் இடியும் மழையும்தான். மின்னல் வந்தால் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். மதியத்துக்குச் சுரங்கத்துக்குள் இறங்கும் சுற்றுலாவை வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தனிக்கட்டணம் உண்டா, சின்னவர்களை விடுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பக்கத்திலேயே 2001இல் திறந்த இனவொதுக்கல் அருங்காட்சியகம் இருக்கிறது. உங்களோடு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அதற்கென்று தனியாக ஓர் அரை நாள் ஒதுக்குங்கள். டிக்கெட்டிலேயே வெள்ளையர், வெள்ளையரல்லாதவர் என்று பிரித்து இரண்டு வாசல்கள் வழியாக உள்ளே விடுகிறார்கள். தாத்தாவையும் அழைத்துப் போங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனி இடம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குடியிருப்புப் பகுதிச் சட்டம் வந்தபின் நம் குடும்பங்கள் எங்கிருந்து பெயர்க்கப்பட்டு எங்கே வந்து சேர்ந்தன என்பதை அவர் வாயால் கேட்டால் பேரப்பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

மகனுக்கு ஒன்பது வயது, ஆள் குட்டை. பெரிய ரைடில் ஏற்றுவார்களா? (லெனேசியா)

வயதைப் பார்க்கமாட்டார்கள், உயரத்தைத்தான் பார்ப்பார்கள். வீட்டுச் சுவரில் செருப்பில்லாமல் நிறுத்தி சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பார்க்கின் இணையதளத்தில் எந்த ரைடுக்கு எவ்வளவு என்று பார்த்து, முடியாதவற்றை வீட்டிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபின் ஊழியர் திருப்பி அனுப்பினால் அந்த நாள் அழுகையில்தான் முடியும்.

நானும் கணவரும் இரண்டு பேரப்பிள்ளைகளைச் சிங்கப்பூர் கூட்டிப் போகிறோம். பெற்றோர் வரவில்லை. என்னென்ன காகிதம் வேண்டும்? (டொங்காட்)

நல்ல தேர்வு அம்மா. தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு அங்கே சுற்றுலா விசா வேண்டாம். யூனிவர்சல் ஸ்டூடியோஸ் செந்தோசாத் தீவில் இருக்கிறது. ஒரு நாள் பிள்ளைகளுக்கு அது என்றால், இன்னொரு நாள் உங்களுக்குச் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, பெயர்ப்பலகைகளிலும் பார்ப்பீர்கள். படிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு. டிசம்பர் அங்கே மழைக்காலம், குடையும் மழைக்கோட்டும் பெட்டியில் இருக்கட்டும்.

காகிதத்தில்தான் பலர் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பெற்றோர் இருவர் விவரமும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ், இருவரும் கையெழுத்திட்டு உறுதிமொழி ஆணையர் முன் முத்திரையிட்ட சம்மதக் கடிதம், அவர்களின் அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட் நகல், தொலைபேசி எண் எல்லாம் கையில் இருக்கவேண்டும். பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், ஒருவருக்கே முழுப் பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்த்திருந்தால் அந்த ஆணை. சம்மதக் கடிதத்துக்குக் காவல் நிலையத்திலேயே முத்திரையிட்டுத் தருவார்கள். உள்துறை அலுவலகத்தில் டிசம்பர் வரிசை நீளும், சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள்.

பல வருடம் சேமித்து ஓர்லாண்டோ டிஸ்னி போகிறோம். கிறிஸ்துமஸ் வாரமா, அதற்கு முன்பா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

முன்பே போங்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம்தான் அங்கே ஆண்டிலேயே மிகக் கூட்டமான காலங்களில் ஒன்று, அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். பள்ளி மூடியதும் கிளம்பி 20ஆம் தேதிக்குள் பார்த்து முடித்தால் சேமித்த ராண்டுக்கு மதிப்பு. ஒரு விஷயம்: டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க்கில் நவம்பரிலிருந்து சில இரவுகளில் தனிக் கட்டணத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் நடக்கும். அன்று சாதாரண டிக்கெட்காரர்கள் மாலையிலேயே வெளியேறவேண்டும். அந்த நாட்களைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் போகமுடியும் என்றால் ஓர் ஆறுதல், அந்தக் கொண்டாட்டத்தின் ஊர்வலத்தையும் வாணவேடிக்கையையும் அப்போது சாதாரண டிக்கெட்டிலேயே காட்டுவது வழக்கம்.

மூன்று வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். கைக்குழந்தை இருந்தால் "ரைடர் ஸ்விட்ச்" கேளுங்கள். ஒருவர் ரைடில் போய்வரும்வரை மற்றவர் குழந்தையோடு இருந்து, பிறகு மறுபடி முழு வரிசை நிற்காமல் ஏறலாம். புளோரிடாவில் அப்போது குளிர்காலம், காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும். விசா கைக்கு வரும்வரை திருப்பித் தராத டிக்கெட் எதற்கும் பணம் கட்டாதீர்கள். அமெரிக்க விசா நேர்காணலுக்கான காத்திருப்பு மாதக்கணக்கில் போகலாம்.

கேப் டவுன் போகிறோம், ரட்டாங்கா ஜங்ஷன் தீம் பார்க்குக்கு ஒரு நாள் போதுமா? (ஸ்டாங்கர்)

அது 2018இலேயே மூடிவிட்டது. பழைய பக்கங்களை நம்பவேண்டாம். வாட்டர்ஃபிரண்டில் டூ ஓஷன்ஸ் மீன் காட்சியகம், சைமன்ஸ் டவுன் பக்கம் பென்குயின்கள், பிள்ளைகளுக்கு இவை போதும். டேபிள் மலை கேபிள் காரைப் பயணத்தின் முதல் நாட்களிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்குக் காற்று பலமாக வீசினால் நிறுத்திவிடுவார்கள், மறுநாள் முயல இடம் வேண்டும்.

பதின்மூன்றாவது சம்பளம், அதாவது ஆண்டு இறுதி போனஸ், வந்துவிட்டது. இதை எப்படிப் பிரிப்பது? (வெருலம்)

ஜனவரிப் பள்ளிக் கட்டணம், சீருடை, புத்தகம் முதலில். அதை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு மீதியை வைத்துத் திட்டமிடுங்கள். டிக்கெட்டை இணையத்தில் முன்பே வாங்குங்கள். பார்க்குக்குள் சாப்பாடுதான் பணத்தை விழுங்கும். வெளி உணவை உள்ளே விடாவிட்டால், வீட்டிலிருந்து கொண்டுபோன ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் வண்டியில் குளிர்பெட்டியில் இருக்கட்டும். கையில் முத்திரை குத்தித் திரும்ப உள்ளே விடுவார்களா என்று வாசலில் கேட்டுவிட்டு, மதியம் வெளியே வந்து சாப்பிடலாம். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீமுக்கு மட்டும் ஒரு தொகை தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.