பார்த்தும் பேசாமல் நிற்பது ஏன்? கேள்வி பதில்

பொது இடத்தில் ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்வதைப் பார்த்தும் மற்றவர்கள் ஏன் சும்மா நிற்கிறார்கள், அதில் சினிமாவுக்குப் பங்கு உண்டா என்பது பற்றி, காரைக்குடி வட்டாரக் கல்லூரி மாணவர்களின் கேள்விகளுக்கு மாணவர் ஆலோசகர் ஒருவரின் பதில்கள்.

தேவகோட்டை மாணவர்: சினிமா பார்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்களா மேடம்?
பார்க்கிறவரெல்லாம் குற்றம் செய்வதில்லை. என் கவலை பக்கத்தில் நிற்பவரைப் பற்றி. மறுக்கும் பெண்ணை நாயகன் விடாமல் துரத்துவதும், கடைசியில் அவள் சம்மதிப்பதும் பார்த்துப் பழகியவருக்கு, பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி பயந்து விலகுவதுகூட லவ் மேட்டராகத் தெரிகிறது. ஒதுங்கிவிடுகிறார்.

பள்ளத்தூர் மாணவி: பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணை ஒருவன் தொந்தரவு செய்தபோது, அவ்வளவு கூட்டத்தில் ஏன் ஒருவரும் தட்டிக் கேட்கவில்லை?
கூட்டம் இருந்ததும் ஒரு காரணம். உளவியலாளர்கள் டார்லியும் லட்டானேயும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரலை இன்டர்காமில் மாணவர்கள் கேட்டார்கள். தான் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி தேடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்பதாக நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். அதனால் முதலில் நீங்கள் அசையுங்கள். அந்தப் பெண்ணிடம் போய், "திருச்சி பஸ் போயிருச்சா?" என்று பேச்சுக் கொடுங்கள். பொதுவாகக் கத்தாமல், ஒருவரைக் கைகாட்டி, "அண்ணே, நீங்க வாங்க" என்று கூப்பிடுங்கள்.

கோட்டையூர் மாணவர்: ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்ததை வீடியோ எடுத்தேன். குரூப்பில் போடலாமா?
போடாதீர்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவர் சொன்னால் போலீசிடம் கொடுங்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 72ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை.

இன்னொருவர்: பெயர் இல்லாமல் போட்டோ மட்டும்?
முகமும் அடையாளம்தான். மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

காரைக்குடி ரசிகர்: நம்ம ஊர் வீடுகளில் ஷூட்டிங் நடந்து பலர் பிழைக்கிறார்கள். சினிமாவை மட்டும் திட்டலாமா?
கானாடுகாத்தான் மாணவி: பிழைப்பு வேறு, காட்டுவது வேறு அண்ணே.
ரசிகர்: நாயகன்தானே பெண்ணைக் காப்பாற்றுகிறார்? அதுவும் பாடம்தானே?
நல்ல வாதம். ஆனால் அவர் பத்துப் பேரை அடிக்கிறார், ஊரே வேடிக்கை பார்க்கிறது. சண்டை தெரிந்தவன்தான் தலையிடலாம் என்று மாணவர்கள் என்னிடமே சொல்கிறார்கள். படத்தில் வில்லன் யாரோ ஒரு ரவுடி. தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கைகளிலோ, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்த ஆள். வகுப்புத் தோழன் என்றால் நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

ஒருவர்: உடையும் காரணம்தானே?
இல்லை.

புதுவயல் மாணவி: தனக்கு நடந்த பாலியல் கொடுமையைத் தோழி என்னிடம் மட்டும் சொன்னாள். என்ன செய்ய?
நம்புங்கள். "ஏன் போனே?" என்று கேட்காதீர்கள். அவளுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். ஆகியிருந்தால் புகார் கொடுப்பது அவள் முடிவு. பெண்கள் உதவி எண் 181இல் பேச உடன் இருங்கள். வீடியோ ஏதும் இருந்தால், போலீசைத் தவிர யாருக்கும் அனுப்ப வேண்டாம்.