எல்லோரும் நடிக்கிறார்களா?

அன்புள்ள சார்,

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவுபசார விழா. வருடக்கணக்காக அவரை முதுகுக்குப் பின்னால் கேலி பேசியவர்களே மைக்கைப் பிடித்துக் குரல் தழுதழுக்கப் புகழ்ந்தார்கள். எனக்குக் குமட்டியது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். எல்லோரும் நடிக்கிறார்கள், எனக்கு மட்டும்தான் அது தெரிகிறது என்று தோன்றுகிறது. யாரோடும் ஒட்ட முடியவில்லை. கோளாறு என்னிடமா?

ர.

அன்புள்ள ர.,

கோளாறெல்லாம் இல்லை. ஆனால் நடிக்கிறவருக்குத் தான் நடிப்பது தெரிந்திருக்க வேண்டுமே? பலருக்குத் தெரிவதில்லை.

டேனியல் பேட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் குழுவினரோடு செய்து 1997இல் வெளியிட்ட ஒரு சோதனை. இரண்டு வேலைகள்: ஒன்றில் பரிசுக்கு வாய்ப்புண்டு, மற்றது வெறும் அலுப்பு. தனக்கு எது, முகம் தெரியாத இன்னொருவருக்கு எது என்று பங்கேற்பவரே தனியாக உட்கார்ந்து முடிவு செய்யலாம். வேண்டுமானால் காசைச் சுண்டிக்கொள்ளலாம். சுண்டியவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் நல்ல வேலையைத் தங்களுக்கே எடுத்துக்கொண்டார்கள். எந்தக் காசும் அப்படி விழாது! அப்புறம் கேட்டால், சுண்டாதவர்களைவிட இவர்கள்தான் தங்கள் நேர்மைக்கு அதிக மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். பிறகு வேறொரு சோதனையில் எதிரே ஒரு கண்ணாடியை வைத்தார்கள். பாதிக்குப் பாதி என்று ஆகிவிட்டது.

அந்த அறையில் நான் ஒழுங்காக இருந்திருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நீங்கள் செய்வீர்களா?

சரி, விழாவுக்கு வருவோம். கேலிதான் நிஜம், புகழ்ச்சி பொய் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பக்கத்து நாற்காலிக்காரரைச் சிரிக்க வைப்பதற்காகப் பேசுகிற கேலியில் எவ்வளவு நடிப்பு இருக்கிறது! கிளம்பப் போகிறார் என்றதும் அவருடைய நல்லதுகள் நினைவுக்கு வந்திருக்கலாம். இரண்டுமே அரைகுறை நிஜமாகவும் இருக்கலாம். (வெளியே வந்த நீங்கள் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேசினீர்களா? கடிதத்தில் அது இல்லை. இன்னும் நேரம் போய்விடவில்லை, கூப்பிட்டுப் பேசுங்கள்.)

ஒருவருடைய பதவி உயர்வை ரகசியமாகத் தடுத்துவிட்டு அவருக்கே மாலை போடுகிற ஆள் வேறு வகை. அவரிடம் கோபப்படுங்கள், நேரிலேயே கேளுங்கள். மற்றவர்களோடு சும்மா உட்கார்ந்து பேசலாம். கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் பேசுவார்கள், பேசட்டும். எல்லோரோடும் ஒட்டியே ஆக வேண்டும் என்று உங்களை யார் கேட்டார்கள்? எனக்கே இரண்டு மூன்று பேர்தான்.