அப்பாவின் ஜிம் ரீவ்ஸ்

வணக்கம் அம்மா,

எனக்கு 51 வயது. சொந்த இடம் கொழும்பு கொட்டாஞ்சேனை. ஒஸ்லோவுக்கு வந்து 26 வருடமாகிறது. போன செப்டெம்பரில் அப்பா 78 வயதில் காலமானார்.

அப்பாவுக்கு அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் என்றால் உயிர். இளந்தாரி வயதில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் கேட்டுப் பழகியது. எங்கள் வீட்டில் பாலன் குடில் கட்டுவதற்கு முதலே அவருடைய நத்தார்ப் பாட்டு இசைத்தட்டு சுழலத் தொடங்கிவிடும். சாய்மனைக் கதிரையின் கையில் மோதிர விரலால் தட்டிக்கொண்டு, அப்பா வாய்க்குள் முணுமுணுப்பார். "அந்த மனுசனே காதுக்குள்ள கதைக்கிற மாதிரித்தான் பாடுறார், நான் ஏன் கத்த?" என்பார்.

1964 ஏப்ரலில் ஜிம் ரீவ்ஸ் இதே ஒஸ்லோவுக்கு வந்து நியோர்ட் மண்டபத்தில் பாடியிருக்கிறார். நோர்வேயின் அரச தொலைக்காட்சியான என்ஆர்கே அதைப் பதிவு செய்தது. கறுப்பு வெள்ளை. செத்தவீடு முடிந்து திரும்பி வந்த பிறகு தற்செயலாகக் கண்டேன். அன்றிலிருந்து மனைவியும் மகளும் படுத்த பிறகு அநேகமாக எல்லா இரவும் பார்க்கிறேன்.

ஆனால் பாட்டு உள்ளே போவதில்லை. அவர் சிரித்தால் "இன்னும் மூன்றரை மாதம்தான்" என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்த ஜூலை 31ஆம் தேதி, சிறிய விமானமொன்றைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தவர், நாஷ்வில்லுக்குக் கிட்ட இடிமழைக்குள் அகப்பட்டு விழுந்தார். வயது 40. கூடவே போனவர் அவருடைய பியானோக் கலைஞர் டீன் மனுவல். இரண்டு நாள் தேடித்தான் எடுத்தார்கள். ஒஸ்லோவிலும் அந்த டீன் மனுவல்தான் வாசிக்கிறார். பியானோ கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கச்சேரி முழுவதும் பதிவாகவில்லை, கடைசிப் பாட்டுகள் சில இல்லை. அது நிற்கிற இடத்தில் நெஞ்சு அடைக்கிறது.

இப்போது மனைவி இரவு வேலைக்குக் கிளம்பினாலும் "இது கடைசியோ" என்று தோன்றுகிறது. ஓகஸ்டில் அப்பா வீடியோவில் "எப்ப வாறாய்?" என்று கேட்டார். நத்தாருக்கு என்றேன். அவர் முகம் வாடியிருந்தது. நான் கவனிக்கவில்லை. மனைவி அதில் இரண்டு நிமிடம் பதிவு செய்து வைத்திருக்கிறா, நான் திறந்ததில்லை.

எனக்கு என்ன நடக்கிறது?

பெயர் வேண்டாம், ஒஸ்லோ

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பியானோ வாசித்தவரின் பெயர்வரை எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் கடைசி வீடியோவுக்குக் கடைசியில் ஒரு வரி. எட்டு மாதமாக நீங்கள் அழுதுகொண்டிருப்பது அப்பாவுக்காகத்தான். அவரை நேரே பார்க்கத் தாங்காமல், அவருக்குப் பிடித்த மனிதரின் முகத்தில் பார்க்கிறீர்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அந்த மண்டபத்தில் இருந்தவர்களை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். கைதட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். "ஏன் அவரை எச்சரிக்கவில்லை?" என்று அவர்களை நீங்கள் கேட்பீர்களா? ஓகஸ்டில் நத்தாருக்கு வருகிறேன் என்று சொன்ன மகனும் அவர்களைப் போலத்தான் இருந்தார். முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருக்க வேண்டியது போலத் தோன்றுவது மனதின் பழக்கம். பாரூக் ஃபிஷோஃப் என்ற உளவியலாளர் 1975லேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். அப்பாவின் முகம் வாடியிருந்தது என்கிறீர்களே, அதை ஓகஸ்டில் பார்த்தீர்களா, செப்டெம்பருக்குப் பிறகு மனம் வரைந்து சேர்த்ததா? திறக்காத வீடியோவில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கச்சேரியைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நடுச்சாமத்தில், தனியே, வேண்டாம். தூக்கம் கெட்ட மனதுக்குப் பயம் லேசாகப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தேத்தண்ணியோடு மகளையும் இருத்திப் போடுங்கள். அவவுக்கு ஜிம் ரீவ்ஸ் யாரென்று தெரியாது, மூன்றரை மாதக் கணக்கும் தெரியாது. கதிரைக் கையில் அப்பா தட்டினதைச் செய்து காட்டுங்கள்.

அந்த இரண்டு நிமிடத்தை மனைவி பக்கத்தில் இருக்கும்போது திறவுங்கள். முதல் நாள் அரை நிமிடம் போதும். அழுகை வந்தால் அழுங்கள். "இது கடைசியோ" என்ற எண்ணத்தையும் அவவிடம் வாய் விட்டுச் சொல்லுங்கள். அவவுக்கு ஏற்கெனவே ஏதோ தெரிந்திருக்கும்.

அப்புறம் ஒன்று. துக்கம் ஆறு மாதம் தாண்டியும் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கினால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாகத் தனியே குறிக்கிறது. உங்களுக்கு அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. வேலைக்குப் போகிறீர்கள், சாப்பிடுகிறீர்கள் என்றால் நல்லது. தூக்கமும் பயமும் அடுத்த சில வாரத்தில் குறையாவிட்டால் உங்கள் குடும்ப மருத்துவரிடம் இந்தக் கடிதத்தில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம், அன்றே போங்கள்.

வீடியோவைத் திறந்த பிறகு எனக்கு எழுதுவீர்களா? அப்பா வாய்க்குள் முணுமுணுத்தது எந்தப் பாட்டு என்று நீங்கள் சொல்லவே இல்லை.