மெட்ரிகுலேஷன் தேடும் தங்கச்சிக்கு

தங்கச்சி, மகனோடு மலேசியாவில் கணவர் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்து சேர்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். பையன் தமிழ்நாட்டில் மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவன், இங்கே மெட்ரிகுலேஷன் எங்கே இருக்கிறது, வாடகை, சாமான் விலை எப்படி என்று கேட்டிருந்தீர்கள். வாடகையும் சாமானும் உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை நான் சொல்கிறேன்.

இங்கே மெட்ரிகுலேஷன் என்பது பள்ளியே அல்ல. இடைநிலைப்பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்தில் எஸ்.பி.எம் என்ற அரசுத் தேர்வை எழுதிய பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் ஓராண்டுப் படிப்பு. நம் பேராக் மாநிலத்தில் அதற்கான கல்லூரி கோப்பேங்கில் இருக்கிறது. அங்கே நம் பிள்ளைகளுக்கு இடம் வாங்குவது பெரும் போராட்டம். கிடைக்காதவர்கள் படிவம் ஆறில் சேர்ந்து எஸ்.டி.பி.எம் என்ற தேர்வை எழுதுவார்கள். நம்ம ஊர் பிளஸ் டூவுக்கு அதுதான் பக்கம், ஆனால் அதைவிடக் கடினம்.

பெயரை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். இந்த ஊரிலேயே, பின்னாளில் மந்திரியான துன் சம்பந்தன் முன்னின்று எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிறது. கலாசாலை என்றாலும் அது ஆறாம் ஆண்டு வரைக்குமான தமிழ்த் தொடக்கப்பள்ளி.

அடுத்தது முக்கியம். ஆறாவது முடித்துவிட்டான், இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் போடுங்கள் என்று போய் நிற்காதீர்கள். இங்கே பிறந்த ஆண்டுதான் கணக்கு: ஏழு வயதாகும் ஆண்டில் முதலாம் ஆண்டு, பதின்மூன்று ஆகும் ஆண்டில் படிவம் ஒன்று. உங்கள் மகனுக்கு இந்த ஆண்டு பன்னிரண்டு என்றால் மறுபடியும் ஆறாம் ஆண்டுதான். ஒரு வருஷம் வீண் என்று அழ வேண்டாம், அது பெரிய வரம். தமிழ்ப்பள்ளியில் கணக்கும் அறிவியலும் தமிழில் போகும்போது, மலாயை மட்டும் அவன் மூச்சைப் பிடித்துக் கற்கலாம். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் எல்லாமே மலாய். மலாய் போதாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைப் படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வைப்பார்கள். எஸ்.பி.எம்மில் மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது.

சேர்க்கைக்கு கோலகங்சார் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். காசு கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன் என்பவர்களை வாசலில் நிறுத்திவிடுங்கள். நாங்கள் வந்த புதிதில் அப்படி ஒருவர் எங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனார், என் மகள் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தாள்.

ஊரிலிருந்து வருகிறவர்களில் சிலர் தமிழ்ப்பள்ளி என்றதுமே முகம் சுளிக்கிறார்கள். 'தோட்டத்துப் பள்ளியிலா?' என்று கேட்பார்கள். எனக்கு அது பொறுக்காது. ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிய ஜனங்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்துக் காப்பாற்றிய பள்ளிகள் இவை. நாடு முழுக்க இன்றும் ஐந்நூறுக்கு மேல் நடக்கின்றன.

வந்த புதிதில் நாங்களும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான் இருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா விடியற்காலையில் மரம் சீவப் போய்விட்டு, மதியம் வந்து குளித்ததும் என் மகளைத் திண்ணையில் உட்கார வைத்து மலாய்ப் பேப்பரை உரக்கப் படிக்கச் சொல்வார். தப்பாகப் படித்தால் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து. கூடவே உட்கார்ந்து நானும் படித்தேன். இன்று எந்த அலுவலகத்திலும் என் விண்ணப்பத் தாளை நானே நிரப்புகிறேன், அதில் எனக்குப் பெருமைதான்.

சரி, ஒன்று விட்டுப்போனது. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழை விட்டுவிடாதீர்கள். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழ் வகுப்பு கேட்டு வாங்கலாம், எஸ்.பி.எம்மிலும் தமிழ் எழுதலாம். நாங்கள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து சேர்த்தோம், மழையில் நனைந்த தாளை இரண்டாம் முறை எழுதிக்கூட வாங்கினோம். உங்கள் மகன் படிவம் ஒன்றுக்குப் போகும்போது யாராவது அந்தத் தாளோடு வருவார்கள். வராவிட்டால் நீங்களே கிளம்புங்கள், நான் கூட வருகிறேன்.