உணவுக்குழாய் ஸ்டென்ட்: எடுக்கும் தேதியைத் தள்ளலாமா?

கேள்வி: பாறை மீன் முள் குத்தி என் அண்ணனுக்கு உணவுக்குழாய் கிழிந்துவிட்டது. நெஞ்சைத் திறக்காமல், எண்டோஸ்கோப்பி வழியாகவே ஸ்டென்ட் வைத்தார்கள். 5 வாரம் கழித்து, ஜூன் 17 அன்று எடுக்க வரச் சொன்னார்கள். வலி இல்லை, கஞ்சி நன்றாக இறங்குகிறது. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடிகிறது. முதல் சில நாள்தான் மீன்பாடு இருக்கும். ஜூலையில் எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகி, பாம்பன்

பதில்: வேண்டாம். வலி இல்லாததால்தான் பலர் இந்தத் தேதியைக் கோட்டை விடுகிறார்கள்.

ஸ்டென்ட் என்பது உறை போட்ட நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலவை) கம்பி வலை. அது கிழிசலைத் தைப்பதில்லை, மறைத்து நிற்கிறது. எச்சிலும் சாப்பாடும் நெஞ்சுக்கூட்டுக்குள் கசியாவிட்டால் சதை தானே கூடும். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் போதும். அதைத் தாண்டினால் இரு முனைகளிலும் சதை வளர்ந்து கம்பியைக் கவ்விக்கொள்ளும். இழுக்கும்போது ரத்தம் வரும், மறுபடி கிழியவும் கூடும். உரிய நாளில் போனால், முனையிலுள்ள நூல் வளையத்தை இடுக்கியால் பிடித்து இழுத்ததுமே வாய் சுருங்கி வெளியே வந்துவிடும்.

இன்னொன்று, நழுவுதல். புற்றுநோய்க்கு வைக்கும் ஸ்டென்ட்டைக் கட்டியே இறுக்கிப் பிடிக்கும். அண்ணனுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. நழுவாமல் இருக்கக் கிளிப் போட்டிருந்தாலும் இரைப்பைக்குள் இறங்கலாம். அலையில் வாந்தியும் வலை இழுப்பும் இப்போது ஆகாது. காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறப்பு, இதில் எது வந்தாலும் வாயில் தண்ணீர்கூட விடாமல் உடனே 108-ஐ அழையுங்கள். தொந்தரவு எதுவும் இல்லையென்றால், ஸ்டென்ட்டை எடுக்கும்வரை கஞ்சி, மசித்த இட்லி. பரோட்டாவும் இறைச்சித் துண்டும் கூடாது.

முள் சிக்கினால் சோற்று உருண்டை விழுங்கச் சொல்வது நம் கரையில் இன்னும் இருக்கிறது. அது முள்ளைச் சுவருக்குள் இன்னும் ஆழமாக இறக்கிவிடலாம். கூர்மையான முள்ளை 6 மணி நேரத்துக்குள், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பியில் எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: இதே கோளாறுக்கு என் மாமாவுக்கு ஸ்டென்ட் வைக்காமல் ஸ்பாஞ்ச் வைத்து உறிஞ்சுகிறார்களே, ஏன்?
- வாசகர், கீழக்கரை

பதில்: கிழிசலுக்கு வெளியே சீழ்ப்பை இருந்திருக்கும். அதன் மேல் ஸ்டென்ட் வைத்தால், தனியாக டியூப் போட்டு வடிக்காதவரை சீழ் உள்ளேயே அடைபடும். ஸ்பாஞ்சை அந்தக் குழிக்குள் வைத்து, மூக்கு வழியே வரும் குழாயை உறிஞ்சும் இயந்திரத்தில் இணைப்பார்கள். அழுத்தம் பொதுவாக 125 மி.மீ. பாதரசம். சதை ஸ்பாஞ்சுக்குள் வளர்ந்து ஒட்டுவதால் 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். எத்தனை தடவை என்பது குழி சுருங்கும் வேகத்தைப் பொறுத்தது. செலவைக் கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.