600 வெள்ளிக்கு ஒப்பந்தம் இல்லாத அறை: எடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் எஸ் பாஸில் (இடைநிலைத் திறனாளர்களுக்கான வேலை அனுமதி) டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். சம்பளம் 3,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வீடு கட்டிய கடன் இருப்பதால் ஊருக்கு மாதம் 1,500 அனுப்பியாக வேண்டும். இதுவரை கம்பெனி விடுதியில் இருந்தேன். இனி 400 வெள்ளி படி தருகிறோம், நீங்களே அறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஈசூனில் ஒரு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் 600 வெள்ளிக்கு அறை இருக்கிறது. 2 மாத முன்பணம், எல்லாம் ரொக்கம், ஒப்பந்தம் கிடையாது, பழைய முகவரியையே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அதே வட்டாரத்தில் முறைப்படி கேட்டால் தனி அறை 950, மாஸ்டர் அறை (குளியலறையோடு சேர்ந்த பெரிய அறை) 1,250. நண்பர்கள் இருவரோடு சேர்ந்து மூவறை வீடு ஒன்றை 2,700க்கு எடுக்கும் யோசனையும் இருக்கிறது. ஒருவர் மலேசியர். இன்னொருவர் புதுக்கோட்டைக்காரர், கட்டுமானத் துறையில் வொர்க் பர்மிட்டில் இருக்கிறார். என் பாஸ் இன்னும் 5 மாதத்தில் முடிகிறது. எது எனக்குக் கட்டுப்படியாகும்?

பதில்: முதலில் அந்த 5 மாதத்தைப் பார்ப்போம். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீவக வீட்டிலோ அறையிலோ வெளிநாட்டவர் ஒருவரைக் குடிவைக்க உரிமையாளர் விண்ணப்பிக்கும் நாளில், அந்த வெளிநாட்டவரின் பாஸ் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். உங்களுடையது இல்லை. இன்றைக்கு எவ்வளவு நல்ல வீட்டுக்காரர் கிடைத்தாலும் உங்கள் பெயரைப் பதிய முடியாது. எஸ் பாஸைப் புதுப்பிக்க, அது முடிவதற்கு 6 மாதம் முன்பிருந்தே கம்பெனி விண்ணப்பிக்கலாம். ஆகவே இந்த வாரமே மனிதவளப் பிரிவில் போய்க் கேளுங்கள். விடுதியைக் காலி செய்யச் சொன்னவர்கள் அவர்கள்தான். பாஸ் புதுப்பித்து வரும்வரை விடுதியிலேயே இருக்க விடுங்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. பாஸ் புதுப்பிப்புக்கான ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, 600 வெள்ளி அறைக்கு வருவோம். "முகவரியை மாற்ற வேண்டாம்" என்று சொன்னார்களே, விஷயம் முழுக்க அந்த வார்த்தையில்தான் இருக்கிறது. அந்த வீட்டில் நீங்கள் இருப்பது வீவகவுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம். இப்படிக் கேட்பவர் அனேகமாக இரண்டில் ஒருவராக இருப்பார். ஒன்று, வாடகைக்கு எடுத்த வீட்டை உள்வாடகைக்கு விடுபவர். வாடகைக்கு இருப்பவருக்கு அந்த உரிமை கிடையவே கிடையாது. இரண்டாவது, ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு, தானும் அங்கேயே இருப்பதாகக் காட்டி வீடு முழுவதையும் விடும் உரிமையாளர். வீவக வீடு வாங்கியவர் குறைந்தது 5 ஆண்டு அதில் குடியிருந்த பிறகுதான் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியும். அதற்கு முன் அறைகளை மட்டும் விடலாம், ஆனால் அவரும் அங்கேயே குடியிருக்க வேண்டும். சோதனையில் பிடிபட்டால் வீட்டையே கழகம் எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் போகலாம். அப்படி ஒரு நாள் வந்தால் நீங்கள் பெட்டியோடு வெளியே நிற்பீர்கள். கொடுத்த 1,200 வெள்ளியைக் கேட்க உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

விதியை மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு மனசு இல்லை. மாதம் 350 வெள்ளி வித்தியாசம் என்பது உங்களுக்குச் சின்னத் தொகை அல்ல. ஆண்டுக்கு 4,200 வெள்ளி ஆகிறது, ஊருக்கு அனுப்பும் பணத்தில் கிட்டத்தட்ட 3 மாதத் தொகை. அதனால்தான் உங்கள் கணக்கையே திரும்பப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் 600ஐ 950ஓடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அந்த 1,250 வெள்ளி மாஸ்டர் அறையோடு ஒப்பிடுங்கள். மலேசிய நண்பரும் நீங்களும் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு 625. இருவர் பெயரும் பதிவாகும், எல்லாம் சட்டப்படி. ஒரு மாத முன்பணத்தில் உங்கள் பங்கு 625, முதல் மாத வாடகை 625. ஓராண்டு வாடகை 15,000 வெள்ளி, அதற்கு 0.4 சதவீதம் முத்திரை வரி 60 வெள்ளி, ஆளுக்கு 30. ஆக முதல் நாள் உங்கள் கையிலிருந்து போவது 1,280. ரொக்க அறைக்கோ 2 மாத முன்பணம் 1,200, வாடகை 600, மொத்தம் 1,800! மலிவாகத் தெரிந்த அறைக்குத்தான் முதலில் அதிகப் பணம் போகிறது. பிறகு மாதாமாதம் 25 வெள்ளிதான் கூடுதல். கம்பெனி தரும் 400 போக, உங்கள் சம்பளத்திலிருந்து 225 எடுத்தால் போதும்.

ஏஜென்ட் வழியாகப் போனால் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு அரை மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பது வழக்கம். அது சட்டம் போட்ட தொகை இல்லை, பேசிக் குறைக்கலாம். ஆனால் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். வீவக வீட்டு வாடகை விஷயத்தில் வாடகையையோ முன்பணத்தையோ ஏஜென்ட் தன் கையில் வாங்கவே கூடாது. சிங்கப்பூரில் அதற்குத் தடை இருக்கிறது. "முன்பணத்தை என் கணக்கில் போடுங்கள், நான் ஓனரிடம் கொடுத்துவிடுகிறேன்" என்று ஓர் ஏஜென்ட் சொன்னால், அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சொத்து முகவர் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் அவருடைய தொலைபேசி எண்ணைத் தட்டிப் பாருங்கள், உண்மையான முகவரா என்று தெரிந்துவிடும். பணம் ஒப்பந்தத்தில் உள்ள உரிமையாளரின் பெயருக்கு, வங்கி வழியாகத்தான் போக வேண்டும்.

மூவறை வீட்டுத் திட்டத்தை விட்டுவிடுங்கள். புதிதாக வருபவர்கள் பெயரைக் கேட்டு ஏமாறும் இடமும் இது. வீவக கணக்கில் கூடமும் ஓர் அறை, ஆகவே மூவறை வீடு என்றால் படுக்கையறை இரண்டுதான். அதைவிடப் பெரிய தடை உங்கள் புதுக்கோட்டை நண்பர். கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறைத் தொழில் (எண்ணெய், ரசாயன ஆலைகள் போன்றவை) ஆகிய துறைகளில் வொர்க் பர்மிட் வைத்திருப்பவர்களில் மலேசியர்கள் மட்டுமே வீவக வீட்டில் வாடகைக்கு இருக்கலாம். அவர் பெயர் இல்லாமல் எடுத்து அவரையும் தங்கவைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மாட்டினால் மூன்று பேரின் வேலைக்கும் ஆபத்து.

முழு வீட்டுக்கு இன்னொரு வேலியும் உண்டு. மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட்ட வீடுகள் ஒரு வட்டாரத்தில் 8 சதவீதம், ஒரு புளோக்கில் 11 சதவீதம் என்ற வரம்பைத் தாண்டக்கூடாது. வரம்பு நிரம்பிவிட்டால் எவ்வளவு வாடகை கொடுத்தாலும் அந்த வீடு உங்களுக்கு இல்லை. அறை வாடகைக்கு இந்த வரம்பு கிடையாது. உரிமையாளர் குடியிருக்கும் வீட்டில் அறை எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாடகைக் காலம் 6 மாதத்துக்குக் குறையக்கூடாது. உங்களைப் போன்ற மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு ஒரு விண்ணப்பத்தில் அதிகபட்சம் 2 ஆண்டு. நீங்கள் ஓராண்டு போடுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: பாஸ் ரத்தானாலோ புதுப்பிக்கப்படாவிட்டாலோ, குறிப்பிட்ட நாள் முன்னறிவிப்போடு வெளியேறலாம், முன்பணம் திரும்ப வரும் என்று. 2 ஆண்டு ஒப்பந்தங்களில் இதை 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்பார்கள். ஓராண்டு ஒப்பந்தத்தில் சில வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள், ஆனாலும் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் வேலை போனால், மீதி மாத வாடகைக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

முத்திரை வரியைப் பலர் தட்டிக்கழிக்கிறார்கள். உங்கள் பங்கு வெறும் 30 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு 14 நாளுக்குள் வரித்துறையான ஐராஸிடம் கட்ட வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை வழக்கில் ஆதாரமாகக் காட்ட முடியாது. முத்திரை இருந்தால், முன்பணம் திரும்ப வராதபோது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களில் 20,000 வெள்ளி வரையான கோரிக்கையை அங்கே விசாரிப்பார்கள், வக்கீல் வேண்டியதில்லை. குடிபோகும் நாளிலேயே சுவர், மெத்தை, ஏர்கான் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வையுங்கள். முன்பணத் தகராறு பெரும்பாலும் சுவரில் இருக்கும் ஒரு கறையில்தான் ஆரம்பிக்கிறது.

அப்புறம், சமையல். விளம்பரத்தில் 'சமைக்கக்கூடாது' என்று போட்ட அறை 50 வெள்ளி குறைவாக இருக்கும். அதில் மயங்காதீர்கள். தினமும் இரண்டு வேளை வெளியே 5 வெள்ளிக்குச் சாப்பிட்டாலே மாதம் 300 ஆகிவிடும். இரண்டு பேரும் சேர்ந்து சோறு வடித்து, ஒரு குழம்பு வைத்தால் அதில் பாதிக்கு மேல் மிச்சம். 'லைட் குக்கிங்' என்று சொன்னால், தாளிக்கலாமா, மீன் வறுக்கலாமா என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். தண்ணீர், மின்சார பில்லில் உங்கள் பங்கு எவ்வளவு, ஏர்கான் இரவில் மட்டுமா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

குடிபோன பிறகு, உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதை வீவக இணையத்தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். வீட்டுக்காரர் "எல்லாம் போட்டாச்சு" என்று சொன்னாலும் பாருங்கள். புதிய முகவரியைக் கம்பெனியிடமும் உடனே சொல்லுங்கள், மனிதவள அமைச்சின் பதிவில் அவர்கள்தான் மாற்ற வேண்டும்.

புதுக்கோட்டை நண்பரை நினைத்துச் சங்கடப்படுவீர்கள். வொர்க் பர்மிட்காரருக்கு முறையான தங்குமிடம் ஏற்பாடு செய்வது அவருடைய முதலாளியின் பொறுப்பு. விடுதி வசதியாக இல்லையென்றால் அவர் கேட்க வேண்டியது முதலாளியிடம், அங்கே சரியாகாவிட்டால் மனிதவள அமைச்சிடம். ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அதற்கு எந்தப் பதிவும் வேண்டாம், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.