பெயர் மாறிய லைப்ரரி கோப்பு எது என்று ஹாஷ் எப்படிச் சொல்கிறது?

ஹாஷ் என்பது ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் வைத்துக் கணக்கிடும் அடையாளக் குறி. ஷா-256 என்ற ஹாஷ் முறையில், கோப்பு சின்னதோ பெரியதோ, 64 பதினாறடிமான (0-9, a-f) இலக்கம்தான் வரும். உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினாலும் குறி அடியோடு மாறிவிடும். கோப்பின் பெயர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

பாளையங்கோட்டை ரேஷன் கடை வரிசையில் நாலு இசக்கிமுத்து நிற்கலாம். விரல் வைத்தால்தான் எந்த இசக்கிமுத்து என்று தெரியும். அப்படித்தான் இதுவும். பழைய ப்ராஜெக்டில் பதிப்பு எண் இல்லாத ஜார் கோப்பு (ஜாவா லைப்ரரி, அதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல், பொதிந்த கோப்பு) கிடந்தால், அதன் ஹாஷை எடுத்து, தெரிந்த கோப்புகளின் பட்டியலில் தேடுகிறோம். ஜாவா லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலில், ஷா-1 என்ற இன்னொரு ஹாஷ் முறையின் குறியைக் கொண்டு தேடலாம். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனமும் இப்படி ஒரு பெரிய பட்டியலை வெளியிடுகிறது. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே (Log4j) என்ற ஜாவா லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தபோது, வேறு பெயரில் கிடந்த பிரதிகளைப் பிடிக்க இந்த வழி கைகொடுத்தது. இன்னொரு ஜாருக்குள் பொதிந்திருந்தால் மட்டும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையை நம்பாதீர்கள்: ஒரே எம்டி5 வரும்படி இரண்டு வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள்.

ஹாஷ் பொருந்தினால் கோப்பு பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் அது எந்தக் கோப்பு என்பது மட்டும்தான் தெரியும், ஓட்டையுள்ள லாக்ஃபோர்ஜே 2.14.1-ம் பட்டியலோடு அச்சு அசலாகப் பொருந்தும்.